மூடுபனிக்கு எந்தத் துணி? பெரிய கிராஸ் ஸ்டிட்ச் வேலை பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்டவர் ஏற்காட்டில் காபித் தோட்டத்து வீட்டில் வளர்ந்த பெண். இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறார். அப்பாவின் அறுபதாம் கல்யாணம் இரண்டு வருடத்தில் வருகிறது. அதற்குள் பழைய போட்டோ ஒன்றைக் கிராஸ் ஸ்டிட்ச்சில், அதாவது கட்டம் எண்ணிப் போடும் பெருக்கல் தையலில், போட்டுக் கொடுக்க ஆசை. படத்தில் ஓட்டு வீடு, சில்வர் ஓக் மரங்கள், பின்னால் பனி மூடிய மலை. மென்பொருளில் போட்டு எடுத்த வரைபடம் 300 கட்டம் அகலம், 400 கட்டம் உயரம், 78 நிறம். இதுவரை 11, 14 கவுண்ட் (அங்குலத்துக்கு அத்தனை கட்டம்) எய்டா துணியில் சின்ன வேலைகள்தான் செய்திருக்கிறார். அவர் கேட்டது இது: "14 கவுண்ட் எய்டாவா, 18-ஆ? அம்மாபேட்டையில் தெரிந்த தறிக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடமே துணி நெய்து வாங்கிக்கொள்ளலாமா? ஒவ்வொரு கட்டமாகப் போடுவதா, வரிசையாகப் போடுவதா, பார்க்கிங் செய்வதா? சொல்லுங்கள் அக்கா."

துணிக்குப் போகும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 300 × 400 என்றால் 1,20,000 தையல். ஒரே நிறம் தொடர்ந்து வரும் இடத்தில் நான் மணிக்கு 120 கட்டம் வரை போடுவேன். நிறம் மாறி மாறி வரும் இடத்தில் 70 தாண்டுவதே பெரிய பாடு. சராசரி 90 என்று வைத்தால்கூட 1,333 மணி நேரம் ஆகிறது. தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் 667 நாள், அதாவது ஒரு வருடம் பத்து மாதம். அதுவும் ஒரு நாள்கூட விடாமல். ஆடிப் பண்டிகை வாரத்தில் சேலத்தில் யார் ஊசி எடுப்பார்கள்? காய்ச்சல், விருந்தாளி, ஆபீஸ் வேலை எல்லாம் இருக்கிறது. கடைசியில் துவைத்து, இஸ்திரி போட்டு, ஃபிரேம் போடவும் ஒரு மாதம் வேண்டும். இப்படியே எடுத்தால் அறுபதாம் கல்யாணத்தன்று படம் முக்கால்வாசியில் நிற்கும்.

ஆனால் உங்கள் போட்டோவில் மேலே மூன்றில் ஒரு பங்கு வெறும் பனிதான். அதைத் தைக்காதீர்கள். துணியே பனியாக இருக்கட்டும்.

நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது. போட்டோவை மென்பொருளில் போட்டால் பனியும் வானமும்தான் மிக மோசமாக வரும். கண்ணுக்கு ஒரே சாம்பல் நிறமாகத் தெரிவதை அது இருபது சாம்பலாகப் பிரித்து, அரிசியில் கலந்த கல் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவி வைக்கும். ஒரு கட்டம் போட்டு நூலை மாற்று, இன்னொரு கட்டம் போட்டு மாற்று என்று உயிரை வாங்கும். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் அந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. மேலே 133 வரிசையை விட்டுவிட்டால் ஏறக்குறைய 40,000 தையல் குறைகிறது. மீதி 80,000. அதே வேகத்தில் 889 மணி நேரம், சுமார் 445 நாள், பதினைந்து மாதம். இப்போது மூச்சு விட இடம் இருக்கிறது. பனிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சில்வர் ஓக் உச்சிகளை மட்டும் தைத்தால் போதும். வெறும் துணியின் நடுவில் அந்த உச்சிகள் நிற்பது, மலையில் காலையில் கதவைத் திறந்தால் தெரிவது போலவே இருக்கும்.

இதை முடிவு செய்துவிட்டால் எய்டாவா வேறா என்ற கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடுகிறது. எய்டா நல்ல துணி. ஜெர்மனியின் ஸ்வைகார்ட் நிறுவனம் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்தது. நூல்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து நெய்திருப்பதால் ஓட்டை பளிச்சென்று தெரியும். விறைப்பாக நிற்கும், புதிதாகக் கற்பவருக்குத் தோழி மாதிரி. முழுப் படத்தையும் நூலால் மூடப் போகிறீர்கள் என்றால் எய்டாவையே எடுங்கள் என்பேன். ஆனால் பெரிய இடத்தைத் தைக்காமல் விட்டால் எய்டாவின் கட்டங்கள் தெரியும். பனி இருக்க வேண்டிய இடத்தில் கணக்கு நோட்டுப் பக்கம் இருப்பது போல ஆகிவிடும். அதனால் உங்களுக்கு ஈவன்வீவ் துணிதான் சரி. அதில் பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) ஒற்றை ஒற்றை நூலாக, ஒரே தடிமனில், ஒரு அங்குலத்துக்கு இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும். பார்வைக்கு வழவழப்பான துணி.

28 கவுண்ட் ஈவன்வீவ் வாங்குங்கள். எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இதில் இரண்டு நூலைத் தாண்டி ஒரு தையல் போடுவோம். அதனால் அங்குலத்துக்கு 14 தையல்தான் வரும், உங்களுக்குப் பழகிய 14 கவுண்ட் எய்டாவின் அதே அளவு.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். கட்டங்களைக் கவுண்டால் வகுத்தால் அங்குலம் கிடைக்கும். 14-ல் உங்கள் படம் 21½ × 28½ அங்குலம் வரும். 16-ல், அதாவது 32 கவுண்டில் இரண்டு நூல் தாண்டிப் போட்டால், 18¾ × 25. 18-ல் சுமார் 16¾ × 22¼. 25 கவுண்டில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தையல் போட்டால் 12 × 16, ஒரு ஏ3 தாள் அளவுக்குச் சுருங்கிவிடும். கவுண்ட் எண்ணைக் கூட்டிப் படத்தைச் சின்னதாக்கினால் வேலை குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். தையல் எண்ணிக்கை மாறுவதே இல்லை, கண்ணுக்கு வேலை கூடும், அவ்வளவுதான். 25-ல் ஒற்றை நூல் மேல் போடுபவர்கள் போட்டோ போலவே நுணுக்கமாகக் கொண்டுவருகிறார்கள், அது அருமையான வேலை. ஆனால் பகலெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டு இரவில் ஊசி எடுப்பவருக்கு, அதுவும் முதல் பெரிய வேலைக்கு, நான் சொல்ல மாட்டேன். ஹால் சுவரில் மாட்டப் போகும் படத்துக்கு 21½ × 28½ நல்ல அளவு.

இந்த அளவோடு நான்கு பக்கமும் 3 அங்குலம் கூட்டுங்கள். 28 × 35 அங்குலம் ஆகிறது. 35 அங்குலம் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர், ஆகவே ஒரு மீட்டர் நீளம் வாங்கிவிடுங்கள். அகலத்திலும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சம் ரொம்ப முக்கியம். அதில்தான் முதலில் தைத்துப் பார்க்கப் போகிறீர்கள்.

சரி, தறிக்காரர் விஷயம். சேலத்தில் பிறந்த யாருக்கும் வரும் ஆசை இது. எனக்கும் வந்தது. அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்கும் ஊரில் இருந்துகொண்டு துணியை எங்கிருந்தோ தபாலில் ஏன் வரவழைக்க வேண்டும் என்று மனசு கேட்கும். ஆனால் தறிக்காரரிடம் போய் "28 கவுண்ட் வேண்டும்" என்று கேட்டால் முதல் வார்த்தையிலேயே குழப்பம் வந்துவிடும். அவருக்குக் கவுண்ட் என்றால் நூலின் சன்னம். ஒரு பவுண்டு எடைக்கு 840 கெஜ நீளச் சிட்டம் எத்தனை வருகிறது என்ற கணக்கு அது. 40 சிட்டம் வந்தால் 40-ம் நம்பர் நூல், 80 வந்தால் அதைவிடச் சன்னம். நமக்குக் கவுண்ட் என்றால் அங்குலத்துக்கு எத்தனை நூல் அல்லது கட்டம் என்பது. ஆகவே அவர் பாஷையில் "துவைத்து முடித்த பிறகு அங்குலத்துக்கு பாவு 28, பிக் 28 இருக்க வேண்டும்" என்று சொல்ல வேண்டும். பிக் என்பது ஊடை இழை.

"துவைத்து முடித்த பிறகு" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தறியில் பாவு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இறங்கியதும் துணி சுருங்கும், தண்ணீர் பட்டுக் கஞ்சி போனால் இன்னும் சுருங்கும். தறியிலேயே 28 பிக் வைத்தால் கடைசியில் 30-க்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். கைத்தறியில் இன்னொன்றும் இருக்கிறது. நெய்பவர் பலகை அடிக்கும் வேகத்தைப் பொறுத்துக் காலையில் ஒரு நெருக்கம், மாலையில் ஒரு நெருக்கம் வரும். சேலைக்கும் வேட்டிக்கும் அது குறையே இல்லை. அந்தச் சின்ன ஏற்ற இறக்கம்தான் கைத்தறியின் அழகு. எண்ணித் தைக்கிற வேலைக்கு மட்டும் அது ஒத்துவராது. நூலின் தடிமனும் இடிக்கும். சேலைக்கு ஓடும் சன்ன நூலில் அங்குலத்துக்கு 28 மட்டும் வைத்தால் துணி கொசுவலை மாதிரி ஆகி நூல் இடம் நழுவும். உருண்டு திரண்ட, தடித்த முறுக்கு நூல் வேண்டும். அதற்கு அவர் பாவு மாற்றி, ரீடு மாற்றி, ஒரு மீட்டர் துணிக்காக ஒரு தறியையே நிறுத்த வேண்டியிருக்கும். நல்ல மனசில் சரி என்றாலும் அவர் பிழைப்பைக் கெடுக்கிற காரியம்.

தறிக்காரரிடமிருந்து வேறு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அவரிடம் பிக் கிளாஸ் இருக்கும். துணிமேல் வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை இழை என்று எண்ணும் சின்ன மடக்கு லென்ஸ். இரவல் கேட்டால் கொடுப்பார். எங்கே துணி வாங்கினாலும், பையில் என்ன எழுதியிருந்தாலும், நனைத்துக் காயவைத்த பிறகு ஐந்தாறு இடத்தில் பாவும் ஊடையும் எண்ணிப் பாருங்கள். இன்னும் நல்லது, 10 அங்குலம் அளந்து முழுக்க எண்ணுவது. ஒரு அங்குலத்தில் ஒளிந்துகொள்ளும் வித்தியாசம் பத்து அங்குலத்தில் வெளியே வந்துவிடும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் பெரிய வேலையைக் கடைவீதிப் பக்கம் வாங்கிய மேட்டி துணியில் போட்டேன். பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் மேஜை விரிப்பு தைப்போமே, அதே துணி. நடுவில் முழு நிலாவும் அதைச் சுற்றி மயில் தோகையும் இருக்கும் படம். ஏழு மாத வேலை. நிலா பாதி முடிந்தபோதே ஏதோ சரியில்லை என்று மனசு சொன்னது, கேட்காமல் தைத்துக்கொண்டே போனேன். முடித்து விரித்தால் நிலா மேலும் கீழும் அமுங்கி, பூசணிக்காய் மாதிரி இருக்கிறது. அளந்து பார்த்தேன். அகலத்தில் 10 அங்குலத்துக்கு 112 கட்டம், நீளத்தில் 118. நூற்றுக்கு ஐந்து வித்தியாசம். இலையும் பூவும் இதைப் பொறுத்துக்கொள்ளும். நிலா, முகம், வீட்டுக் கூரை இவையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் படத்தில் ஓட்டு வீடு இருக்கிறது. அதே துணியில் போட்டிருந்தால் 400 கட்ட உயரத்தில் ஏறக்குறைய 1¾ அங்குலம் குறைந்திருக்கும், வீடே குனிந்த மாதிரி இருக்கும். மேட்டி துணி மேல் எனக்குக் கோபம் இல்லை, தலையணை உறைக்கும் விரிப்புக்கும் இன்றும் அதைத்தான் வாங்குகிறேன்.

நிறத்துக்கு வருவோம். வெள்ளை வேண்டாம். இளம் சாம்பல், அதிலும் கொஞ்சம் நீலம் கலந்த சாம்பல் கிடைத்தால் உங்கள் பனிக்கு அதுதான். போட்டோவின் மேல் பகுதியை அச்செடுத்துத் துணித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் துணிக்கு இன்னொரு லாபமும் உண்டு. கறுத்த மரத் தண்டு போன்ற இடங்களில் தையலுக்கு நடுவே வெள்ளைத் துணி புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும், சாம்பல் துணியில் அது உறுத்தாது. ஏற்காட்டுக்காரர் என்பதால் ஒன்று சொல்லி வைக்கிறேன், காபித் தண்ணீரில் துணியை முக்கி நிறமேற்றும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. பழுப்பு ஏறும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் காபியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் துணியிலேயே தங்கி, நாளாக ஆகப் பருத்தியை நொய்யவைக்கும். பேரப்பிள்ளை காலத்துக்கும் இருக்க வேண்டிய படத்துக்கு அது வேண்டாம்.

நூலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மென்பொருள் பெரும்பாலும் டி.எம்.சி. எண்களைத்தான் கொடுக்கும். நம் ஊர்க் கடையில் ஆங்கர்தான் சுலபமாகக் கிடைக்கும். இரண்டும் நல்ல நூல், இரண்டிலும் ஒரு கட்டு 8 மீட்டர், ஆறு இழை. எண் மாற்றும் அட்டவணைகள் தோராயமானவை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு டி.எம்.சி. சாம்பல்களுக்கு ஒரே ஆங்கர் எண்ணைக் காட்டும். அதனால் வேலைக்கு நடுவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாதீர்கள். 78 நிறத்தை 45-க்குள் கொண்டுவாருங்கள். பனி போனதும் சாம்பல்கள் தானாகவே குறையும், மீதியைக் கையால் சேருங்கள். இரண்டு இழையில் போட்டால் ஒரு கட்டு நூல் இந்த அளவில் சுமார் 1,900 முதல் 2,000 தையலுக்கு வரும். பெரும்பாலான நிறத்துக்கு ஒரு கட்டு போதும். அதிகம் செலவாகும் கரும்பச்சை, ஓட்டுச் சிவப்பு, மரத் தண்டின் பழுப்பு இவற்றைக் கணக்குப் போட்டு ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிவிடுங்கள். சாயம் போட்ட தொகுதி மாறினால் அதே எண்ணிலும் நிறம் இம்மியளவு நகரும், கூரையில் கோடு மாதிரித் தெரியும். ஆரி வேலைக்கு வரும் பளபள நூலை இதில் கலக்க வேண்டாம், துவைக்கும்போது சாயம் விடலாம். நிறங்களைப் பிரித்து வைக்கப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை அருமையானது. ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு நிறத்தை மாட்டி, பக்கத்தில் எண் எழுதிவிடுங்கள்.

இப்போது அந்த மிச்சத் துணி. அதில் 20 × 20 கட்டம், 400 தையல், உங்கள் வரைபடத்திலேயே இலைகள் நெருக்கமாக வரும் ஒரு மூலையை எடுத்துத் தையுங்கள். பாதியைப் பகலில், மீதியை வேலை முடிந்து வந்து இரவில். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என் 90-ஐ மறந்துவிட்டு உங்கள் வேகத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். கண் எரிந்தால், தலை வலித்தால், கவுண்டை இறக்க வேண்டும், அல்லது நல்ல விளக்கு வாங்க வேண்டும். இந்த ஒரு நாள் வேலையைச் செய்யாமல் பெரிய துணியில் கை வைக்காதீர்கள்.

தொடங்கும் முன் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு, ஓரத்தைத் தையல்காரரிடம் ஓவர்லாக் அடித்து வாங்கிவிடுங்கள். ஈவன்வீவ் எய்டாவைவிட வேகமாகப் பிரியும், ஒன்றரை வருடம் தாங்காது. அப்புறம் பத்துப் பத்துக் கட்டமாகக் கோடு. பேனாவால் போடுவதைவிடத் தூண்டில் போடும் மெல்லிய நைலான் நரம்பு எனக்குப் பிடிக்கும். சிவப்போ நீலமோ பாருங்கள். 20 இழைக்கு ஒருமுறை ஏற்றி இறக்கிக் கோடு ஓட்டுங்கள். ஊசி அதைக் குத்திப் பிளக்காது, கடைசியில் உருவினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வெப்பத்தில் மறையும் பேனாவைப் பற்றிக் கேட்பீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் மறந்து வைத்தால் கோடு முழுக்கக் காணாமல் போகலாம், சில துணியில் வெளிறிய தடமும் தங்கும். சேலம் சித்திரை வெயிலில் அதை நம்ப முடியாது. தண்ணீரில் போகும் பேனா பரவாயில்லை, ஆனால் மை முழுக்கப் போவதற்கு முன் இஸ்திரி பட்டால் கறை நிலைத்துவிடும்.

தைக்காத பனிக்கு இடம் விட்டு, துணியின் மேல் ஓரத்திலிருந்து 12½ அங்குலம் கீழே ஒரு கோடு போடுங்கள். 3 அங்குலம் ஓரம், 9½ அங்குலம் பனி. இடது ஓரத்திலிருந்து 3 அங்குலம் உள்ளே தள்ளி அந்தக் கோட்டில் தொடங்கி வலப்பக்கமாகவும் கீழாகவும் வாருங்கள். நடுவிலிருந்து தொடங்கச் சொல்வது சின்னப் படத்துக்குச் சரி. பெரியதில் மேலிருந்து கீழே வந்தால் முடித்த வேலை மேல் கை உரசாது. மர உச்சிகளைக் கடைசியில் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம். முதல் தையலை, பாவு நூல் ஊடை நூலின் மேல் ஏறி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள். இரண்டு இரண்டாகத் தாண்டுவதால் அடுத்தடுத்த தையலும் அதே மாதிரி இடத்தில்தான் விழும். எங்கேயாவது ஒரு நூல் தவறினால் உடனே கண்ணில் படும்.

ஊசி மொட்டை முனை உள்ள டேபஸ்ட்ரி ஊசி, 24 அல்லது 26-ம் நம்பர். எண் கூடினால் ஊசி மெலியும். நூல் 45 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். 90 சென்டிமீட்டரில் ஒரே ஒரு இழை எடுத்து இரண்டாக மடித்து, மடிப்பை விட்டுவிட்டு இரண்டு முனையையும் ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள். முதல் தையல் போட்டு ஊசி பின்பக்கம் போனதும், அங்கே நிற்கும் மடிப்பு வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுத்தால் முடிச்சே இல்லாமல் பிடித்துக்கொள்ளும்.

தையல் முறையில் எல்லா இடத்துக்கும் ஒரே வழி வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஓட்டுக் கூரை, மரத் தண்டு, முற்றம் போல ஒரே நிறம் நீளும் இடத்தில் வரிசையாகப் போடுங்கள். ஒரு பக்கச் சாய்வுக் கால்களை எல்லாம் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது மேல் கால்களைப் போடுவது. வேகமும் கிடைக்கும், பின்பக்கமும் சுத்தமாக இருக்கும். ஒன்றிரண்டு கட்டமாகச் சிதறும் இடத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் முழுசாக முடித்துவிட்டு நகர்வதுதான் நல்லது. எப்படிப் போட்டாலும் மேல் கால் படம் முழுக்க ஒரே பக்கம் சாய வேண்டும். இரண்டு திசை கலந்தால் வெளிச்சம் படும்போது திட்டுத் திட்டாகத் தெரியும். துணி ஓரத்தில் ஒரு சாய்கோடு தைத்து வைத்துக்கொள்ளுங்கள், மாதக்கணக்கில் விட்டு எடுக்கும்போது உதவும்.

இலைகள் நெருங்கும் பகுதிக்குப் பார்க்கிங். ஒரு பத்துக் கட்டப் பெட்டியில் ஒரு நிறத்தை முடித்ததும் நூலை வெட்டாமல், அதே நிறம் அடுத்த பெட்டியில் முதலில் எந்தக் கட்டத்தில் வருகிறதோ அந்தக் கட்டத்தின் மூலையில் முன்பக்கமாக வெளியே எடுத்துத் தொங்க விடுவது. அந்தப் பெட்டிக்கு வரும்போது நூல் தன் இடத்தில் காத்திருக்கும், எண்ண வேண்டிய வேலையே பாதி குறையும். பெட்டிக்குள் எதுவும் விட்டுப்போகாது, திரும்ப வந்து ஒற்றைக் கட்டம் நிரப்பும் தொல்லையும் இல்லை. சிரமம் எங்கே என்றால், ஒரே நேரத்தில் இருபது முப்பது வால் தொங்கும். சேலத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது, விசிறிக் காற்றில் அந்த வால்கள் பின்னிச் சிக்கலாகிவிடும். தொங்கும் நூல்களை மேலே தூக்கி ஒரு குண்டூசியிலோ கிளிப்பிலோ அடக்கி வையுங்கள். வார இறுதியில் ஏற்காட்டுக்குப் போகும்போது விசிறி இல்லாத திண்ணையில் பார்க்கிங் பகுதியையும், சேலத்தில் வார நாள் இரவுகளில் கூரையையும் தண்டையும் வைத்துக்கொண்டால் வேலை தானாகப் பிரிந்துகொள்ளும். அடுத்த இடம் பத்துக் கட்டத்துக்கு மேல் தள்ளி இருந்தால் நூலை முடித்து வெட்டிவிடுங்கள். முக்கியமாக, தைக்காத பனியின் பின்னால் கரும்பச்சை நூலை இழுத்துக்கொண்டு போகவே கூடாது. வெளிர் துணி வழியே அது நரம்பு மாதிரித் தெரியும். ஒவ்வொரு மர உச்சிக்கும் தனியாகத் தொடங்கித் தனியாக முடியுங்கள்.

ஒரு நிறத்தைப் படம் முழுக்க அங்கங்கே போட்டுவிட்டு அடுத்த நிறத்துக்குப் போகும் முறையும் இருக்கிறது. கணக்கில் ஒரு கட்டம் தவறினால் இருநூறு தையல் தள்ளித்தான் தெரியவரும். உங்கள் படத்துக்கு வேண்டாம்.

பின்னால் தெரியும் மலைக்கு எனக்குப் பிடித்த ஒரு வழி. அதற்கு முழு பெருக்கல் தையலே வேண்டாம். ஒற்றை இழையில், ஒரே ஒரு சாய்வுக் கால், அரைத் தையல். துணியின் சாம்பல் நூலுக்கு நடுவே கசிந்து, மலை தூரத்தில் பனிக்குள் கரைவது போலவே நிற்கும். முன்னால் உள்ள வீடும் மரமும் இரண்டு இழையில் திடமாக எழுந்து வரும். நேரமும் மிச்சம். முழுப் படத்தையும் அரைத் தையலில் போட்டால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொள்ளும். மலை மட்டும் என்பதால், ஃபிரேமில் விறைப்பாக வைத்துத் தைத்தால் பயமில்லை.

ஃபிரேம் என்றதும் நினைவுக்கு வருகிறது, வட்ட வளையத்தை இந்த அளவுக்குப் பயன்படுத்த வேண்டாம். முடித்த தையலை நசுக்கும், எண்ணெய்த் தடம் விடும். மேலும் கீழும் உருளையில் சுற்றும் ஸ்குரோல் ஃபிரேம் நல்லது. ஏற்காட்டு வீட்டில் வைத்தால் மழைக்காலத்தில் கவனம். ஒரு ஐப்பசி மழையில் ஊசியைத் துணியிலேயே குத்தி விட்டுவிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்தால் துருப்பிடித்த ஒரு புள்ளி. எதற்கும் போகவில்லை, அதன் மேல் படத்தில் இல்லாத ஓர் இலையைத் தைத்து மறைத்தேன். உங்கள் வேலையில் அது பனிக்குள் விழுந்தால் மறைக்க இலை கிடையாது. ஊசிக்குத் தனியாகக் காந்தம் வையுங்கள், துணியைப் பருத்தி உறையில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைத்துப் பூசணம் பூக்கும். உட்காரும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், மஞ்சள் விரலும் கை கிரீமும் வெளிர் துணிக்கு எதிரி. நெருக்கமான நிறங்களை இரவு விளக்கில் தேர்ந்தெடுக்காதீர்கள், நூலை மாலையிலேயே ஊசிகளில் கோத்து வைத்துவிடுங்கள்.

முடிந்ததும் நைலான் நரம்பை உருவி, குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பில் அலசி, பிழியாமல் துண்டில் உருட்டி ஈரத்தை எடுத்து, தடித்த டர்க்கித் துண்டின் மேல் குப்புறப் போட்டு இஸ்திரி போடுங்கள். ஃபிரேம் கடையில் பசை போட்டு அட்டையில் ஒட்ட விடாதீர்கள். அமிலமில்லாத அட்டையின் பின்னால் நூலால் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள், தெரியாது என்றால் நீங்களே கட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். கண்ணாடி தையலைத் தொடாமல் இடைவெளி இருக்க வேண்டும், மலை ஈரத்தில் அது இல்லாவிட்டால் உள்ளே வேர்க்கும்.

கீழே வலது மூலையில் வருடமும் பெயரும் போட இடம் விட்டுவைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தின் சுழிகள் பெருக்கல் தையலில் சரியாக வராது. ஒவ்வொரு நூலையும் தாண்டும் பின்தையலில், ஒற்றை இழையில், இருபது நூல் உயரத்துக்கு எழுதினால் 'அ'வும் 'ப்'பும் அழகாக விழும். முதலில் கட்டத் தாளில் எழுதிப் பாருங்கள், மிச்சத் துணியில் ஒருமுறை தைத்தும் பாருங்கள்.